சேப்பாக்கம் விளையாட்டரங்கம்: நெருக்கடியான நிலத்தில் ஒரு வடிவமைப்பின் வரலாறு

சென்னை சேப்பாக்கத்தில் உள்ள எம். ஏ. சிதம்பரம் விளையாட்டரங்கம் இந்தியாவின் மிகப் பழைய கிரிக்கெட் மைதானங்களில் ஒன்று. 1865 முதல் இங்கு கிரிக்கெட் ஆடப்பட்டு வருகிறது. மைதானம் தொடங்கியபோது சுற்றிலும் திறந்தவெளி இருந்தது. அடுத்த 130 ஆண்டுகளில் கால்வாய், சாலைகள், விடுதி, அலுவலகங்கள், ரயில் பாதை என ஒவ்வொன்றாக அதைச் சூழ்ந்துகொண்டன. எனவே நவீன அரங்கம் ஒன்றை இங்கு கட்டுவது, விரிய முடியாத ஒரு நிலத்துக்குள் ஒரு பெரிய கட்டடத்தை அடக்கும் வேலையாக ஆனது. 2009 முதல் 2023 வரை நடந்த மறுவடிவமைப்பும், அதன் நடுவில் மூன்று கேலரிகள் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததும் இந்த வரலாற்றின் முக்கியப் பகுதி.

நிலமும் எல்லைகளும்

சேப்பாக்கம் அரண்மனை 1768இல் ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டப்பட்டது. கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் 1855இல் வாரிசின்றி இறந்த பிறகு அரண்மனையும் அதன் பரந்த தோட்டமும் சென்னை மாகாண அரசின் கைக்கு வந்தன. 1846இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1865இல் இந்தத் தோட்டத்தின் ஒரு பகுதிக்கு இடம்பெயர்ந்தது. நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமை மட்டுமே கிளப்புக்கு என்ற ஏற்பாடு அன்றே உருவானது. குத்தகை நிலம் என்ற இந்த நிலை இன்றுவரை மாறவில்லை.

மைதானத்துக்கும் கடலுக்கும் இடையே உள்ள பக்கிங்காம் கால்வாய், மைதானத்தைவிட வயதில் இளையது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அந்தப் பகுதி 1877–78 பெரும் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாக வெட்டப்பட்டது. பின்னர் வாலாஜா சாலை, பெல்ஸ் சாலை, விக்டோரியா விடுதிச் சாலை ஆகியவற்றை ஒட்டிக் கட்டடங்கள் பெருகின. 1995இல் கால்வாயின் ஓரமாகத் தூண்கள் எழுப்பிப் பறக்கும் ரயில் பாதை வந்தது. சேப்பாக்கம் ரயில் நிலையம் அரங்கத்துக்கு மிக அருகிலேயே அமைந்தது. இதோடு எல்லாப் பக்கமும் அடைபட்டது.

சங்கத்திடம் குத்தகையில் உள்ள நிலம் சுமார் 17 ஏக்கர். 2020இல் திறக்கப்பட்ட அகமதாபாத் நரேந்திர மோடி விளையாட்டரங்கின் வளாகம் 63 ஏக்கர் என்பதை ஒப்பிட்டால் இந்த இடத்தின் நெருக்கடி புரியும்.

கிளப்பின் மைதானம்

முதல் நூறு ஆண்டுகளில் சேப்பாக்கம் மரங்கள் சூழ்ந்த ஒரு கிளப் மைதானமாகவே இருந்தது. கிளப்பின் பெவிலியன் மட்டுமே நிலையான கட்டடம். பெரிய ஆட்டங்களுக்குத் தற்காலிக கேலரிகள் போடப்பட்டன. ஐரோப்பியர் கிளப்பான அதில் இந்திய ஆட்டக்காரர்களுக்குச் சம இடம் கிடைக்காததால் புச்சி பாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் பொங்கல் சமயத்தில் மோதும் பிரெசிடென்சி ஆட்டங்கள் பின்னர் இந்த மைதானத்தின் பெரிய திருவிழாவாயின.

1934 பிப்ரவரி 10 அன்று டக்ளஸ் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணியுடன் இங்கு முதல் டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் இங்குதான் நடந்தது. மைசூருக்கு எதிரான அந்த ஆட்டத்தை ஏ. ஜி. ராம்சிங்கின் பந்துவீச்சால் மெட்ராஸ் அணி ஒரே நாளில் வென்றது. 1952 பிப்ரவரியில் வினு மன்கட் 12 விக்கெட்டுகளை வீழ்த்த, இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இங்கே பெற்றது. இந்தப் பெருமைகள் சேர்ந்துகொண்டே போனதால் 'இடம் போதவில்லை, வேறு இடம் பார்க்கலாம்' என்று முடிவெடுப்பது பின்னாளில் எளிதாக இருக்கவில்லை.

சங்கமும் கிளப்பும்

விடுதலைக்குப் பிறகு இந்திய நகரங்கள் பலவற்றில் ஒரே சிக்கல் எழுந்தது. மைதானத்தைக் கையில் வைத்திருந்தவை பழைய கிளப்புகள். சர்வதேச ஆட்டங்களை நடத்தும் பொறுப்போ மாநில கிரிக்கெட் சங்கங்களுடையது. இருக்கைகளைப் பங்கிடுவதில் இருதரப்புக்கும் உரசல் வந்தது.

பம்பாயில் இந்தச் சண்டை புதிய அரங்கத்தில் முடிந்தது. 1937 முதல் இயங்கிய பிரபோர்ன் அரங்கம் இந்திய கிரிக்கெட் கிளப்புக்குச் சொந்தமானது. அதனுடன் ஒத்துப்போக முடியாத பம்பாய் கிரிக்கெட் சங்கம், நடந்துபோகும் தூரத்திலேயே வான்கடே அரங்கத்தைக் கட்டி 1975 ஜனவரியில் டெஸ்ட் ஆட்டத்தை நடத்தியது. சில நூறு மீட்டர் இடைவெளியில் இரண்டு பெரிய அரங்கங்கள் எழுந்தன.

சென்னையிலும் டெஸ்ட் ஆட்டங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சேப்பாக்கத்தை விட்டு விலகின. 1956 முதல் 1965 வரை அவை பெரியமேட்டில் உள்ள மாநகராட்சி அரங்கத்தில் நடந்தன. 1967 ஜனவரியில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் ஆடிய டெஸ்ட் மூலம் சேப்பாக்கம் மீண்டும் களமானது. பம்பாயைப் போலச் சென்னையில் இருவரும் பிரியவில்லை. சங்கமும் கிளப்பும் ஒரே வளாகத்தில் அருகருகே இருந்தன. சங்கத்தின் கேலரிகளும் கிளப்பின் பெவிலியன், உடற்பயிற்சிக் கூடம் போன்றவையும் ஒரே மதிலுக்குள் அமைந்தன. பம்பாய் கூடுதல் நிலத்தைச் செலவிட்டுச் சச்சரவிலிருந்து வெளியேறியது. சென்னை நிலத்தை மிச்சப்படுத்தியது. ஆனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் பக்கத்து வீட்டாரின் சம்மதம் தேவைப்படும் நிலைக்கு வந்தது.

கான்கிரீட் அரங்கம்

1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் மைதானத்தைச் சுற்றி நிலையான கான்கிரீட் கேலரிகள் எழுந்தன. இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக 1960 முதல் 1963 வரை இருந்தவரும், மாநிலச் சங்கத்தை நெடுங்காலம் வழிநடத்தியவருமான தொழிலதிபர் எம். ஏ. சிதம்பரத்தின் பெயர் அரங்கத்துக்குச் சூட்டப்பட்டது.

அந்தக் காலத் தேவைக்கு அது போதுமானதாக இருந்தது. 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவுடன் 'டை'யில் முடிந்த டெஸ்ட், 1997இல் சயீத் அன்வர் அடித்த 194, 1999இல் பாகிஸ்தான் 12 ரன்களில் வென்றபோது சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டியது ஆகிய அனைத்தும் இந்தக் கான்கிரீட் கேலரிகளின் நடுவே நடந்தவை. ஆனால் குறைகளும் வெளிப்படையாகத் தெரிந்தன. கூரையைத் தாங்கிய தூண்கள் பின்வரிசைப் பார்வையாளர்களின் கண்ணை மறைத்தன. கான்கிரீட்டால் அடைபட்ட வளையத்துக்குள் வெப்பம் தங்கியது. 1986 டெஸ்டில் 210 ரன் எடுத்த டீன் ஜோன்ஸ் உடல்நீர் வற்றி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அந்த ஆட்டத்தைப் பற்றிய நினைவுகளில் வெயிலோடு பக்கிங்காம் கால்வாயின் நாற்றமும் இடம்பெறுவது வழக்கம்.

2009–2011 மறுவடிவமைப்பு

2011 உலகக் கோப்பையின் நான்கு ஆட்டங்கள் சென்னைக்கு ஒதுக்கப்பட்டன. 2009 ஜூனில் சுமார் 175 கோடி ரூபாய் மதிப்பீட்டில் சீரமைப்பு தொடங்கியது. லண்டனைச் சேர்ந்த ஹாப்கின்ஸ் நிறுவனமும் சென்னையின் நடராஜ் அண்ட் வெங்கட் நிறுவனமும் வடிவமைத்தன.

ஹாப்கின்ஸ் நிறுவனத்துக்கு நெருக்கடியான நிலம் புதிதல்ல. லண்டன் லார்ட்ஸ் மைதானம் குடியிருப்புகளுக்கு நடுவே உள்ளது. 1987இல் அங்கு முடிக்கப்பட்ட மவுண்ட் ஸ்டாண்ட் கட்டடத்தில், பழைய செங்கல் வளைவுகளை இடிக்காமல் வைத்துக்கொண்டு, அதற்கு மேல் ஆறு தூண்களில் புதிய தளங்களை நிறுத்தி, கூடாரம் போன்ற துணிக் கூரையை மைக்கேல் ஹாப்கின்ஸ் அமைத்திருந்தார். அந்த அனுபவம் சேப்பாக்கத்திலும் தெரிகிறது.

*சுருக்க முடியாத களம்.* கிரிக்கெட் களத்தின் அளவில் வடிவமைப்பாளர் கை வைக்க முடியாது. சர்வதேச விதிப்படி ஆண்கள் ஆட்டத்தில் எல்லைக்கோடு ஆடுகளத்தின் நடுவிலிருந்து 59.43 மீட்டருக்குக் குறையாமலும் 82.29 மீட்டருக்கு மிகாமலும் இருக்க வேண்டும். எல்லா பக்கமும் 70 மீட்டர் என்று கொண்டால் களம் மட்டுமே சுமார் 15,400 சதுர மீட்டர் ஆகும். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட கால்பந்துத் திடலைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம். சாயும் சூரியன் மட்டையாளரின் கண்ணில் படக்கூடாது என்பதால் ஆடுகளம் பொதுவாக வடக்கு தெற்காக அமைய வேண்டும். நிலத்தின் வடிவத்துக்கு ஏற்பக் களத்தைத் திருப்பிப் போடவும் வழியில்லை. மீதியிருக்கும் ஓரத்தில்தான் கேலரிகள், படிக்கட்டுகள், வாயில்கள், ஆட்டக்காரர் அறைகள், கழிப்பறைகள், வாகன வழி அனைத்தும் அடங்க வேண்டும்.

*செங்குத்தான சரிவு.* பக்கவாட்டில் இடமில்லாதபோது கட்டடம் மேல்நோக்கியே வளர முடியும். புதிய கேலரிகள் 36 பாகை சரிவில் அமைக்கப்பட்டன. ஒரு வரிசையின் அகலம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 25 பாகை சரிவில் அடுத்த வரிசை 37 சென்டிமீட்டர்தான் உயரும். 36 பாகையில் 58 சென்டிமீட்டர் உயரும். முன்னால் இருப்பவரின் தலைக்கு மேலாகப் பார்வை போவதால், உயரத்தில் இருக்கும் வரிசைகளையும் களத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவரலாம். ஆட்டக்காரர்களுக்கோ பார்வையாளர்கள் சுவர்போலச் சூழ்ந்து நிற்பதாகத் தோன்றும். இதற்கு விலையும் உண்டு. பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டி சரிவுக்கு 34 பாகையையே வரம்பாகச் சொல்கிறது. அதைத் தாண்டும்போது கைப்பிடிகளும் அகலமான படிகளும் அதிகம் தேவைப்படும். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் ஏறுவது சிரமம்.

*கூரையும் கடற்காற்றும்.* பழைய கூரைக்குப் பதிலாக, கம்பங்களிலிருந்து கம்பிவடங்களால் இழுத்துக் கட்டிய கூம்பு வடிவத் துணிக் கூரைகள் வந்தன. துணி எடை குறைவானது. அதைத் தாங்கப் பார்வையாளர் நடுவே தூண்கள் வேண்டியதில்லை. ஒளி ஊடுருவுவதால் கீழே இருட்டாகவும் இருக்காது. அரங்கத்தை முழு வளையமாக மூடாமல் கேலரிகளைத் தனித்தனியாக நிறுத்தி இடையில் இடைவெளி விட்டார்கள். கிழக்கிலிருந்து வரும் கடற்காற்று உள்ளே நுழைவதற்கான ஏற்பாடு அது. நெருக்கடியான நிலத்தில் இடைவெளி விடுவது என்றால் விற்பனைக்குரிய இருக்கைகளை இழப்பது. சென்னையின் வெயிலில் அந்த இழப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது.

உலகக் கோப்பை தேதியை மாற்ற முடியாது. முதல் ஆட்டம் 2011 பிப்ரவரி 20 அன்று. 2009இல் தொடங்கிய வேலை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிந்தாக வேண்டியிருந்தது. புதிய கேலரிகள் தயாராயின, ஆட்டங்கள் நடந்தன. கிளப் பெவிலியன் இருந்த பகுதி மட்டும் தொடப்படாமல் பழையபடியே நின்றது.

எட்டு மீட்டர் சிக்கல்

புதிய கேலரிகளில் ஐ, ஜே, கே என்று பெயரிடப்பட்ட மூன்று சர்ச்சைக்குள்ளாயின. அவை கட்டட விதிகளுக்கு ஏற்பக் கட்டப்படவில்லை என்று வழக்கு தொடரப்பட்டது. கேலரிக்கும் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்துக்கும் இடையே எட்டு மீட்டர் இடைவெளி இல்லை என்பது முக்கியமான குறை. தீயணைப்பு வண்டி சுற்றிவர அந்த வழி வேண்டும். மூன்று கேலரிகளும் பூட்டப்பட்டன. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

எட்டு மீட்டர் என்பது கேட்பதற்குச் சிறிய அளவு. ஆனால் அந்த விதிக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன. 1985 மே 11 அன்று இங்கிலாந்தின் பிராட்போர்டு கால்பந்து மைதானத்தில் பழைய மரக் கேலரி சில நிமிடங்களில் எரிந்து 56 பேர் இறந்தனர். பின்பக்க வாயில்கள் பூட்டிக் கிடந்ததால் பலர் அங்கேயே சிக்கினர். 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் தோட்டத்தில் கால்பந்து ஆட்டத்தின்போது ஏற்பட்ட கலவர நெரிசலில் 16 பேர் உயிரிழந்தனர். நெருக்கடி நேரத்தில் அதிகபட்சம் 8 நிமிடங்களுக்குள் பார்வையாளர்கள் பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும் என்று பிரிட்டனின் வழிகாட்டி கூறுவது இத்தகைய அனுபவங்களிலிருந்து வந்தது. ஓர் அரங்கத்தில் எத்தனை பேர் உட்காரலாம் என்பதை இருக்கைகளின் எண்ணிக்கை மட்டும் தீர்மானிப்பதில்லை. எத்தனை பேர் வெளியேற முடியும், உதவி எப்படி உள்ளே வரும் என்பவையும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

பூட்டிய கேலரிகளில் சுமார் 12,000 இருக்கைகள் இருந்தன. ஆட்ட நாள்களில் மற்ற கேலரிகள் நிரம்பி வழிய, தொலைக்காட்சித் திரையில் மூன்று கேலரிகள் வெறுமையாகத் தெரிந்தன. 2016 இருபது ஓவர் உலகக் கோப்பையில் சென்னைக்கு மகளிர் ஆட்டங்கள் மட்டுமே கிடைத்தன. 2019 ஐபிஎல் இறுதி ஆட்டம் சென்னையில் நடக்க வேண்டியது. மூன்று கேலரிகளையும் திறக்க அனுமதி கிடைக்காததால் அது ஹைதராபாதுக்கு மாற்றப்பட்டது. உள்ளூர் அணியான சென்னை சூப்பர் கிங்ஸ் அந்த இறுதி ஆட்டத்தை வெளியூரில் ஆடி ஒரு ரன்னில் தோற்றது.

கடைசியில் கேலரிகள் இடிக்கப்படவில்லை. வழியை அடைத்து நின்ற உடற்பயிற்சிக் கூடம் அகற்றப்பட்டது. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துடனான டெஸ்டின்போது மூன்று கேலரிகளும் மீண்டும் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டன. கட்டட வரைபடத்தில் ஓர் ஓரமாக இருந்த சிறு கூடம், அரங்கத்தின் கால்பங்குக்கும் மேலான இருக்கைகளை ஆண்டுக்கணக்கில் முடக்கி வைத்திருந்தது. இதே காலத்தில் நிலக் குத்தகையும் 2015இல் முடிவடைந்து, வாடகை பற்றிய நீண்ட இழுபறிக்குப் பிறகே 21 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது.

வெளியேறுவதா, தங்குவதா?

இப்படிப்பட்ட சிக்கல்களைத் தவிர்க்கச் சில நகரங்கள் ஊருக்கு வெளியே சென்றன. மகாராஷ்டிரா கிரிக்கெட் சங்கம் புனே நகருக்கு வெளியே கஹுஞ்சேயில், மும்பை விரைவுச்சாலையை ஒட்டி, அதே ஹாப்கின்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் புதிய அரங்கத்தைக் கட்டி 2012இல் திறந்தது. அங்கு இடத்துக்குக் குறைவில்லை. ஆனால் நகரவாசிகள் ஆட்டம் முடிந்து இரவில் வீடு திரும்ப நெடுந்தூரம் வர வேண்டும்.

மும்பை வான்கடே வேறு வழியைத் தேர்ந்தது. சர்ச்கேட் ரயில் பாதைக்கும் சாலைகளுக்கும் நடுவே சிக்கிய அது, 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பிக்கப்பட்டபோது தன் கொள்ளளவைச் சுமார் 33,000 ஆகக் குறைத்துக்கொண்டது. வசதியான இருக்கைகளும் தடையற்ற பார்வையும் வேண்டுமென்றால் எண்ணிக்கை குறையும் என்பதை அது ஏற்றுக்கொண்டது. சேப்பாக்கம் நகருக்குள்ளேயே தங்கவும் செய்தது, எண்ணிக்கையை விட்டுக்கொடுக்கவும் தயங்கியது. இரண்டையும் ஒரே நேரத்தில் விரும்பியதால்தான் எட்டு மீட்டர் அத்தனை பெரிதானது.

2023 மாடமும் அதன் பிறகும்

2011இல் விடுபட்ட பகுதி அடுத்த கட்டத்தில் கவனிக்கப்பட்டது. பழைய அண்ணா பெவிலியனும் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் பெவிலியனும் இடிக்கப்பட்டு, அங்கே புதிய மாடம் எழுந்தது. கலைஞர் மு. கருணாநிதி பெயரிலான அந்த மாடத்தை முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2023 மார்ச் 17 அன்று திறந்து வைத்தார். இதன் மூலம் 5,000க்கும் மேற்பட்ட இருக்கைகள் கூடின. அரங்கத்தின் மொத்தக் கொள்ளளவு சுமார் 38,000 ஆனது. சங்கமும் கிளப்பும் தனித்தனியே நின்ற இடத்தில் ஒரே தொடர்ச்சியான கட்டடம் வந்தது இந்தக் கட்டத்தின் முக்கிய மாற்றம்.

வாகனம் நிறுத்த இடம் உருவாக்க முடியாது என்பதால் பொதுப் போக்குவரத்தே வழியானது. ஒரு காலத்தில் நிலத்தை அடைத்த பறக்கும் ரயில் பாதை, ஆட்ட நாள்களில் பெருங்கூட்டத்தைக் கரைக்கும் வடிகாலாகப் பயன்படுகிறது. அரசினர் தோட்டம் மெட்ரோ நிலையமும் நடந்துபோகும் தூரத்தில் உள்ளது. 2023இல் ஐபிஎல் நுழைவுச்சீட்டைக் காட்டி மெட்ரோ ரயிலில் கட்டணமின்றிப் பயணிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. புறநகர் அரங்கத்துக்குக் கிடைக்காத வசதி இது.

2023 அக்டோபர் 8 அன்று உலகக் கோப்பையில் இந்தியா ஆஸ்திரேலியாவை எதிர்கொண்டபோது அரங்கத்தின் எல்லா கேலரிகளும் திறந்திருந்தன. 2019இல் கைநழுவிய ஐபிஎல் இறுதி ஆட்டமும் 2024 மே 26 அன்று சேப்பாக்கத்தில் நடைபெற்றது.

மதிப்பீடு

சேப்பாக்கத்தின் மறுவடிவமைப்பில் பொறியியல் பெரிய தடையாக இருக்கவில்லை. செங்குத்தான கேலரி, துணிக் கூரை, காற்றுக்கான இடைவெளி ஆகியவை இரண்டு ஆண்டுகளுக்குள் கட்டி முடிக்கப்பட்டன. பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டவை அனுமதி, குத்தகை, பக்கத்துக் கட்டடம் ஆகியவை. திறந்தவெளியில் எழும் அரங்கத்துக்கு இவை பின்னால் பார்த்துக்கொள்ளக்கூடிய காகித வேலைகள். நகரின் நடுவே உள்ள நிலத்திலோ வரைபடத்தின் முதல் கோட்டோடு இவையும் தொடங்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்கான வழி கூரையைப் போலவே வடிவமைப்பின் ஓர் உறுப்பு. உலகக் கோப்பைக்கான அவசரத்தில் அந்த வரிசை மாறியதற்குப் பூட்டிய மூன்று கேலரிகள் நெடுநாள் சாட்சியாக நின்றன. இட நெருக்கடியில் அரங்கம் கட்டத் திட்டமிடும் மற்ற இந்திய நகரங்களுக்கு அதன் கூரையைவிட இந்தப் பாடமே அதிகம் பயன்படும்.